புளியமரம் ஸ்டாப்பிங்

போன ஆவணியில் தர்மபுரியில் ஒரு கல்யாணம். ஓசூரிலிருந்து அப்பா அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிருஷ்ணகிரி டோல்கேட், ஊர் எல்லாம் தாண்டி, காவேரிப்பட்டணத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அம்மா, "எங்கயாச்சும் நிறுத்துப்பா" என்றாள். காபிக்காகக் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்குச் சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. சர்வீஸ் ரோட்டில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் வளாகத்துக்குள் வண்டியைத் திருப்பினேன். கண்ணில் பட்ட முதல் வளாகம் என்பது பொய். அது எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை.

வாசலில் மஞ்சளும் கறுப்பும் பட்டை அடித்த ஓர் இரும்புக் கம்பம், ஏழெட்டடி உயரத்தில் குறுக்கே நின்றது. கார் அதன் அடியில் நுழையும்போது அப்பா ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தார். "இவ்ளோ தாழ வெச்சா லாரி எப்படிப்பா உள்ள வரும்?" என்றார். வரக்கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஷாப்பிங்கா சார், ஃபுட் கோர்ட்டா? பில் காட்டினா பார்க்கிங் ஃப்ரீ." அப்பா பின்சீட்டிலிருந்து, "சும்மா வந்தோம்ப்பா" என்றார். அந்தப் பையனிடம் அதற்குச் சீட்டு இல்லை. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு ஃபுட் கோர்ட் என்று எழுதிக் கொடுத்தான்.

நாங்கள் வண்டியை நிறுத்திய இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் அப்பாவின் பஞ்சர் கடை இருபத்தெட்டு வருடம் இருந்தது.

ஏழு மரம், ஒரு தொட்டி

அந்த இடத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ரோட்டோரம் ஏழு புளியமரங்கள் இருந்ததால் டிரைவர்கள் 'புளியமரம் ஸ்டாப்பிங்' என்பார்கள். எங்கள் பக்கம் ரோடு என்றாலே புளியமரம்தான். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்பும் அடித்து நம்பர் எழுதியிருக்கும். வருடா வருடம் புளி உலுக்க நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்கும் நாட்களில் மட்டும் லாரிகள் கொஞ்சம் தள்ளி நிற்கும், மற்றபடி நிழல் முழுக்க அவர்களுக்குத்தான். முதலில் ஒரு டீக்கடை. அப்புறம் பரோட்டா ஓட்டல். 1983-ல் அப்பா ஒரு ஓலைக் கொட்டகையும் இரண்டாம் கை கம்ப்ரஸரும் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நிலத்துக்காரர் தன் கிணற்று மோட்டாரிலிருந்து குழாய் போட்டு ரோட்டோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார். நீளம் பன்னிரண்டடி இருக்கும். எந்த லாரிக்காரரும் அதில் காசில்லாமல் குளிக்கலாம், துணி துவைக்கலாம், ரேடியேட்டருக்கு மொண்டுகொள்ளலாம். குளித்தவனுக்குப் பசிக்கும், பசித்தவன் பரோட்டா சாப்பிடுவான், சாப்பிட்டவன் கயிற்றுக் கட்டிலில் படுப்பான். ஓட்டலும் அவருடையதுதான். இதைத் தர்மம் என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார்.

ஏன் அந்த இடத்தில் என்று கேட்டால், தொப்பூர் என்பதுதான் பதில். அப்போது இது ஏழாம் நம்பர் ரோடு, வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர். இப்போதைய 44 என்ற நம்பர் 2010-க்குப் பிறகு வந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிகள் முழு லோடோடு சேலத்திலிருந்து வடக்கே போக வேண்டுமானால் தொப்பூர் கணவாயை ஏறியாக வேண்டும். கீழே இறங்குகிறவர்களுக்கு அது பிரேக்குக்குச் சோதனை; அங்கே நடக்கும் விபத்துகளைப் பேப்பரில் எல்லோரும் படித்திருப்போம். ஏறுகிறவர்களுக்கு டயருக்குச் சோதனை. ஏறி முடித்து, தர்மபுரி வெயிலில் ஓடி, எங்கள் மரத்தடிக்கு வரும்போது டயரில் கை வைக்க முடியாது. பழைய ஒட்டுகள் அந்தச் சூட்டில் இளகிக்கொள்ளும். மேலே இன்னும் ஓசூர் ஏற்றம் இருக்கிறது, அதற்கப்புறம் கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட், அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சரி, இங்கேயே குளித்து, தின்று, ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவெடுப்பார்கள். தூங்கி எழுவதற்குள் அப்பா பஞ்சர் போட்டு வைத்திருப்பார்.

அவர் வேலையை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. வந்து நிற்கிற வண்டியை முதலில் ஒரு சுற்று சுற்றுவார், கையில் ஒரு முழ நீள இரும்பு ராடு. பின்சக்கரம் ஜோடி ஜோடியாக இருக்கும், உள்ளே இருக்கிற டயர் காற்று இறங்கினாலும் வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டிருக்கும். அப்பா ராடால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். காற்று சரியாக இருந்தால் ராடு துள்ளித் திரும்பும், 'டங்' என்று ஒரு சத்தம். குறைவாக இருந்தால் 'தொப்'. அந்தத் 'தொப்'பைக் கேட்டதும் டிரைவர் முகத்தைப் பார்க்காமல் கிளீனர் பையனிடம் ஜாக்கி கேட்பார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழ் வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயும்வரை ஒரு பீடி பிடித்து, பேட்ச் வைத்துப் பிரஸ்ஸில் இறுக்கிச் சூடு ஏற்றுவார். பயமான கட்டம் கடைசியில்தான். அந்தக் காலத்துச் சக்கரத்தில் டயரைப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு லாக் ரிங் உண்டு. அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் தெறித்துக் கிளம்பும், ஆளையே கொல்லும். அப்பா சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றுப் பிடிப்பார். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் அவசரத்தில் சங்கிலியைக் கட்டவில்லை. இடது மணிக்கட்டு உடைந்தது. இன்றும் அந்தக் கை முழுதாக மடங்காது. கல்யாண வீட்டில் இலையில் சாம்பார் ஊற்ற வருகிறவர்களை நிறுத்த அந்தக் கையை நீட்டினால், ஆசீர்வாதம் பண்ணுவது போல இருக்கும்.

நடுவில் ஒரு சுவர்

ரோடு அகலமானது எங்களை அழித்தது என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அது சரியான வாக்கியம் இல்லை. ரோடு அகலமாவதை முதலில் கொண்டாடியதே நாங்கள்தான். தங்க நாற்கரச் சாலை, 5,846 கிலோமீட்டர், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் கை கிருஷ்ணகிரி வழியாக வந்தது. வடக்கு தெற்குச் சாலையும் கிருஷ்ணகிரியைத் தொட்டுத்தான் சேலத்துக்கு இறங்கியது. ராணிப்பேட்டை ரோடு, திருவண்ணாமலை ரோடு, குப்பம் ரோடு என்று ஏற்கெனவே நாலாபக்கமும் ரோடு பிரிகிற ஊர். இனி வண்டிக்குப் பஞ்சமே இல்லை என்று அப்பா புதுக் கம்ப்ரஸர் வாங்கினார், கடன் வாங்கித்தான்.

மரங்கள் முதலில் போயின. ஏழில் ஆறு. அதை வெட்டிய நாளில் வீட்டில் யாரும் அழவில்லை, விறகு யாருக்கு என்பதில்தான் பேச்சு. அப்புறம் நடுவே மீடியன் வந்தது. இடுப்புயரச் சிமெண்டு, மேலே அரளிச் செடி. அதற்கு முன் சேலத்திலிருந்து வருகிற வண்டி கையைக் காட்டிவிட்டு ரோட்டைக் குறுக்கே கடந்து எங்கள் பக்கம் வந்து நிற்கும். இனி அவன் பல கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். எவன் வருவான்? எங்கள் கடை இருந்தது பெங்களூரிலிருந்து சேலம் இறங்கும் பக்கம். இறங்குகிற வண்டிக்காரன் காற்று மட்டும் பார்ப்பான், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். பஞ்சர், டியூப் மாற்று, ஸ்டெப்னி கழற்று மாட்டு என்று காசு தருகிறவன் எல்லாம் தொப்பூர் ஏறி எதிர்ப்பக்கம் வந்தவன். அவன் இப்போது அரளிப்பூவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். சிலர் பழக்கத்தில் ஓட்டத்திலேயே கையை ஆட்டுவார்கள். அப்பாவும் ராடைத் தூக்கி ஆட்டுவார். ஒரு வியாபாரம் சரிபாதியாக உடைவதை அவ்வளவு மரியாதையாக வேறு எங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் லாரிகளுக்கும் ட்யூப்லெஸ் டயர் வரத் தொடங்கியது. 2011-ல் அப்பா கடையை மூடினார். கம்ப்ரஸரைப் பர்கூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.

ஸ்டாப்பிங் அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருந்தது, பாதி பரோட்டாவாலும் பாதி பின்னால் இருந்த டாஸ்மாக்காலும். 2016 டிசம்பர் 15-ல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் ஒரு தரப்பு பாமக வழக்கறிஞர் பாலு. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கட்சிக்கு உள்ள செல்வாக்கை வைத்து அது ஊர்ப் பேச்சாகவே இருந்தது. அடுத்த ஏப்ரலில் கடை போனது. லாரி டிரைவர் குடித்துவிட்டு ஓட்டுவதை நான் ஆதரிக்கவில்லை, அந்தத் தீர்ப்பு சரிதான். ஆனால் பரோட்டா மாஸ்டரும் அதே மாதத்தில் போய்விட்டார். ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வணிக வரி செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. ஜூஜூவாடியில் நிற்கப் போகிறோம் என்று பயந்து எங்களிடம் தூங்கியவனுக்கு இனி தூங்கக் காரணம் இல்லை. கட்டில்கள் மழையில் கிடந்து கயிறு இற்றுப்போனதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நிலத்துக்காரரின் பேரன்கள் கொரோனாவுக்கு அப்புறம் இடத்தை நிரவிக் கட்டினார்கள். இப்போது ஒரு ஜவுளி ஷோரூம், செருப்புக் கடை, பாத்திரக் கடை, இனிப்பகம், டிகிரி காபி, குழந்தைகள் குதிக்க ரப்பர் கோட்டை, மின்சார காருக்கு நான்கு சார்ஜர். மிச்சமிருந்த ஒரு புளியமரத்தைச் சுற்றி வட்டத் திண்ணை கட்டி, சீரியல் பல்ப் சுற்றியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடிக்காத கடைகள்

எனக்கு அந்த வளாகத்தைப் பிடிக்காது. பிடிக்காமல் இருக்க வசதியான காரணங்களும் இருந்தன. நண்பர்களிடம் சொல்வேன்: முன்னால் அங்கே ஒரு மனுஷன் காசில்லாமல் குளிக்கலாம், படுக்கலாம். இப்போது பில் இல்லாமல் நிற்கவே முடியாது. கேட்கிறவர்கள் 'ச்சு' கொட்டுவார்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ரோட்டோரம் கடை வருவது இந்தப் பக்கத்தில் புதிதே இல்லை. பர்கூரைப் பாருங்கள், ராணிப்பேட்டை ரோட்டில் வரிசை வரிசையாக ஜவுளிக் கடை, குட்டி சூரத் என்றே பெயர் வாங்கிவிட்டது. அந்த ரோட்டில் போகிற வண்டிகளை நம்பி வளர்ந்த ஊர் அது. எங்கள் அக்கா கல்யாணத்துக்குப் புடவை அங்கேதான் எடுத்தோம், அப்போது எனக்கு எந்தத் துக்கமும் வரவில்லை. இப்போது ஹொஸ்கோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கோலார், சித்தூர் வழியாக வருகிற புது எக்ஸ்பிரஸ்வே கிருஷ்ணகிரியைத் தொடாமல் போகிறது. அது முழுதாகத் திறந்த பிறகு பர்கூர்க் கடைகளுக்கு முன் எத்தனை கார் நிற்கும் என்று யோசித்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆக, கடை என்பதே எனக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் இடத்தில் வந்ததுதான் பிரச்சினை.

அன்று திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் இதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் ஒரு திட்டம் சொன்னது, முப்பது ஐம்பது கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்று நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் கட்டுவோம், லாரிக்காரர்களுக்கென்று தனியாகத் தங்கும் கூடம், சமைக்க இடம், துவைக்க இடம், டயர் பார்க்கப் பட்டறை எல்லாம் இருக்கும் என்று. "பாத்தீங்களாப்பா, நம்ம கட்டிலும் தொட்டியும்தான். அத இடிச்சிட்டு இப்ப திட்டம் போடறாங்க" என்றேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. அப்பா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா அப்போதுதான் பாத்ரூமிலிருந்து வந்தாள். முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். "உள்ள தாப்பா இருக்குப்பா. தண்ணி வருது. ஒரு பொண்ணு நின்னு தொடச்சிகிட்டே இருக்கா" என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி தொட்டிக்கு வந்தேன். அவள் என்னை நிறுத்தினாள்.

"அந்தத் தொட்டியில எந்தப் பொம்பளடா குளிச்சா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

டார்ச் லைட்

அதை நான் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். சாயந்திரம் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா கடையில் உட்கார்ந்திருப்பாள். நானும் வீட்டுப்பாட நோட்டோடு கூட இருப்பேன். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேல் மதுரை, சேலம் போகிற பஸ்கள் பரோட்டா ஓட்டலில் நிற்கும். ஆண்கள் இறங்கி மரத்தடிக்கு, வேலி ஓரத்துக்கு என்று போய்விடுவார்கள். பஸ்ஸில் வந்த பெண்கள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ஒரே பெண்ணிடம் வருவார்கள். "அக்கா, இங்க எங்கக்கா போறது?" ஒருத்தி கேட்டால் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அம்மா கடை மூலையில் மாட்டியிருந்த மூன்று செல் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த சோளக்காட்டு வரப்புக்குக் கூட்டிப் போவாள். வெளிச்சத்தை அவர்கள் மேல் அடிக்காமல், ரோட்டைப் பார்த்து அடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பாள். யாராவது ஆம்பளை அந்தப் பக்கம் வந்தால் இருமுவாள். பஸ் ஹாரன் அடிக்கும். பாதியில் எழுந்து ஓடிவந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் காலில் வேலிக்கருவை முள் ஏறிவிட்டது. அப்பா டியூப் ஆணி பிடுங்குகிற குறடால் எடுத்தார், கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"சேலத்துல ஏறினா பெங்களூர் வரைக்கும் தண்ணியே குடிக்கமாட்டாங்க, தெரியுமா? அவங்க சொல்லுவாங்க என்கிட்ட" என்றாள் அம்மா. "நான் எத்தன பேருக்கு டார்ச் பிடிச்சிருக்கேன்னு உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. அந்த நெலத்துக்காரர்கிட்ட ஒரு தட்டி வெச்சுக் குடுங்கன்னு ரெண்டு வருஷம் கேட்டேன். ஆம்பளைங்களுக்குப் பன்னெண்டடி தொட்டி கட்டினவருக்கு நாலு தட்டி கட்ட மனசு வரல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தாழ்ப்பாள் இருக்கிறது என்ற ஒரு விஷயத்தை அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னபோது நான் அதைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் வந்து படுக்கலாம், குளிக்கலாம் என்று நான் வருடக்கணக்காக ஊரெல்லாம் சொன்ன இடத்தில், 'யார் வேண்டுமானாலும்' என்பதில் பாதிப் பேர் கிடையாது. அப்பா ஏதோ சொல்ல வந்து, தன் மடங்காத கையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அப்புறம், "டார்ச்சுக்கு செல்லு நான்தான் வாங்கிப் போட்டேன்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

அதற்காக அந்த வளாகத்தின் மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்துவிடவில்லை. அம்மாவுக்குத் தாழ்ப்பாள் கொடுத்த அதே கைதான் வாசலில் கம்பத்தையும் வைத்தது. கிளம்பும்போது அம்மா பேரனுக்கு ஒரு செருப்பு வாங்கினாள், அந்தப் பில்லைக் காட்டியதும் செக்யூரிட்டி பையன் நிம்மதியாகச் சிரித்தான்.

வெளியே சர்வீஸ் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஏழெட்டு வண்டி, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். உள்ளே போக முடியாதவர்களுக்கு அதுதான் இப்போது ஸ்டாப்பிங். இரண்டு வண்டிக்கு நடுவே பம்ப் ஸ்டவ்வில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் தார்ப்பாய் நிழலில் சிமெண்டு ஓரத்திலேயே துண்டை விரித்துப் படுத்திருந்தார், தலைமாட்டில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பா, "நிறுத்துப்பா" என்றார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று அம்மா சொல்வதற்குள் இறங்கிவிட்டார். கிளீனர் பையனிடம் கேட்டு ஒரு ராடை வாங்கினார். வரிசையில் முதலில் நின்ற பத்துச் சக்கர டாரஸைச் சுற்றி நடந்து ஒவ்வொரு டயராகத் தட்டினார். இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டினார், மெதுவாகத்தான். டங், டங், டங். பின்பக்கம் வலது ஜோடியில் உள் டயருக்கு வந்ததும், காருக்குள்ளேயிருந்த எனக்கே கேட்டது.

சோறு வடித்துக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து வந்தார். "காத்து எறங்கியிருக்குப்பா. தொப்பூர் எறங்கறதுக்கு முன்னாடி பாத்துடு. லோடு என்ன?" என்றார் அப்பா.

"கிரானைட்டுண்ணா. தர்மபுரி தாண்டி ஒரு கடை இருக்குன்னாங்க, பாத்துக்கறேன்."

"எந்தக் கடை?"

டிரைவருக்குத் தெரியவில்லை. அப்பா பாளையம்புதூர் டோல்கேட்டுக்கு முன்னால் என்று ஏதோ அடையாளம் சொன்னார், பழைய அடையாளம், ஓர் ஆலமரம், ஒரு மாரியம்மன் கோயில். அந்த ஆலமரம் இன்னும் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். டிரைவர் சரிண்ணா சரிண்ணா என்று கேட்டுக்கொண்டார். அம்மா கண்ணாடியை இறக்கி, "வாங்க, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள்.